மிக்சரில் 'உம்' கேட்டால் எர்த் பின்னை வெட்டாதீர்கள்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கமோ பாறசாலைப் பக்கமோ, ஒரு திருவிழா மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரே மிக்சரில் பல வயதுச் சாமான்கள் மாட்டிக்கிடக்கும். சவுண்டு சர்வீஸ்காரர் கொண்டுவந்த மைக்கும் பவர்டு பாக்ஸும் (உள்ளேயே ஆம்ப் உள்ள ஸ்பீக்கர்) பேலன்ஸ்டு; அதாவது சிக்னலுக்கு இரண்டு கம்பி, அவற்றைச் சுற்றிய ஷீல்டு என்ற உலோக உறை தனி. கமிட்டி அலமாரியிலிருந்து எடுத்த பழைய பிஏ ஆம்ப் அன்பேலன்ஸ்டு; சிக்னலுக்கு ஒரே கம்பி, திரும்பும் வழி ஷீல்டுதான். கொயரின் கீபோர்டு, பாட்டு வரியைத் திரையில் காட்டும் லேப்டாப், இடைவேளைப் பாட்டுக்கு யாரோ நீட்டும் செல்போன் எல்லாமே அன்பேலன்ஸ்டு. தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் சுத்தமாகத்தான் பேசும். சேர்த்து மாட்டிப் பேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழ்) ஏற்றினால் பாக்ஸில் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல், அதாவது ஹம், வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த அவசரத்தில் பலர் செய்வது, மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் போட்டு எர்த்தைத் துண்டிப்பது. இன்னும் அவசரமென்றால் எர்த் பின்னையே வெட்டி எறிவது. ஹம் நின்றுவிடும். அதனால்தான் இந்தப் பழக்கம் சாகவில்லை. ஆனால் எர்த் இல்லாத ஆம்ப்புக்குள் பேஸ் வயர் ஒருநாள் பாடியைத் தொட்டால், அந்தக் கரண்டுக்குக் கிடைக்கும் வழி ஆடியோ கேபிளின் ஷீல்டு. அதுவும் இல்லையென்றால் மைக்கைப் பிடித்து நிற்பவரின் கை, உதடு, காலடி ஈரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் இந்த வட்டாரத்தில் பந்தல் தரை காய்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஹம்மை நிறுத்த மெயின் எர்த்தை வெட்ட வேண்டிய தேவை எந்த மேடையிலும் இல்லை. எதையாவது வெட்டத்தான் வேண்டுமென்றால் ஆடியோ கேபிளில் வெட்டலாம். எங்கே, எப்படி என்பதுதான் கீழே.

இரைச்சல் உள்ளே வரும் வழி

அன்பேலன்ஸ்டு கேபிளில் இரண்டே வழி: நடுக் கோர், சுற்றிய ஷீல்டு. சிக்னல் நடுக் கோரில் போய் ஷீல்டு வழியாகத் திரும்புகிறது. அந்த ஷீல்டுதான் இரண்டு சாதனங்களின் பாடியையும் இணைக்கிறது. லேப்டாப் சார்ஜர், எல்இடி டிரைவர், கீபோர்டு அடாப்டர் எல்லாவற்றுக்குள்ளும் இரைச்சலை வடிகட்டச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை வழியாக மெயினிலிருந்து எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். அது எர்த்துக்குப் போகும் வழியில் ஆடியோ கேபிளின் ஷீல்டையும் பிடித்துக்கொள்கிறது.

கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். மெல்லிய ஆர்சிஏ கேபிள் (டிவிடி பிளேயரின் பின்னால் மாட்டும் சிவப்பு, வெள்ளை ஜாக் வகை) ஒன்றின் ஷீல்டு, ஜாக்குகளையும் சேர்த்து 1 ஓம் என்று வையுங்கள். அதில் 0.3 மில்லி ஆம்பியர் கசிவு ஓடினால் கேபிளின் இரண்டு முனைக்கும் இடையே 0.3 மில்லி வோல்ட். லேப்டாப், சிடி பிளேயர் வகைச் சாதனங்களின் லைன் அளவு 0.316 வோல்ட். அதற்கு 60 டெசிபெல் கீழேதான் இரைச்சல் என்று ஆகிறது. மேளம் முழங்கும்போது யாருக்கும் கேட்காது. பாதிரியார் ஜெபம் சொல்லி நிறுத்தும் இடைவெளியில் எல்லோருக்கும் கேட்கும். சாதனங்கள் இரண்டும் மூன்று பின் உள்ளவை, வேறு வேறு பிளக் பாயிண்டில் மாட்டியவை என்றால் கரண்ட் இன்னும் பல மடங்கு ஏறும். கேபிளை இரட்டை விலை கொடுத்து மாற்றினாலும் பெரிய வித்தியாசம் வராததற்குக் காரணம் இதுதான்: கரண்ட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, ஷீல்டின் ஓம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பேலன்ஸ்டு கேபிளில் சிக்னலுக்கு இரண்டு கோர், ஷீல்டு தனி. கேனன் என்று நம் ஆட்கள் சொல்லும் எக்ஸ்எல்ஆரில் 1-ஆம் பின் ஷீல்டு, 2-ஆம் பின் ஹாட் (சிக்னல்), 3-ஆம் பின் கோல்டு (cold, ஹாட்டின் எதிர்ப்பக்கம்). ஸ்டீரியோ பி-38 (கால் அங்குல ஜாக்) போலவே இருக்கும் டிஆர்எஸ் ஜாக்கில் நுனி ஹாட், நடு வளையம் கோல்டு, அடி உடம்பு ஷீல்டு. இன்புட் சர்க்கியூட் 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டு கோரிலும் ஒரே அளவில் ஏறிய இரைச்சல் கழிந்துவிடும். இதற்கு முக்கியமான நிபந்தனை, இரண்டு கோருக்கும் எர்த்திலிருந்து ஒரே இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான தடை) இருக்க வேண்டும். இரண்டிலும் எதிரெதிர் சிக்னல் ஓட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது கட்டாயமில்லை. சில சிறிய மிக்சர்களில் 3-ஆம் பின்னில் சிக்னலே இருக்காது, ஒரு ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்குப் போயிருக்கும். அதற்கு இம்பீடன்ஸ் பேலன்ஸ்டு என்று பெயர், இரைச்சலைக் கழிப்பதில் அது குறைந்ததல்ல.

அன்பேலன்ஸ்டிலிருந்து பேலன்ஸ்டுக்கு: கேபிள் கட்டுவது

லேப்டாப், கீபோர்டு, டிவிடி பிளேயரிலிருந்து மிக்சரின் பேலன்ஸ்டு லைன் இன்புட்டுக்குப் போக வேண்டும். கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஆர்சிஏ–கேனன் கேபிள் பலவற்றில் உள்ளே ஒற்றைக் கோர்தான். கேனன் முனையில் 1-ஐயும் 3-ஐயும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அப்படிச் செய்தால் பேலன்ஸ்டு இன்புட்டை அன்பேலன்ஸ்டாக ஆக்கிவிட்டோம். அதன் பலன் முழுவதும் போச்சு.

அதற்குப் பதிலாக மைக்குக்குப் போடும் இரண்டு கோர் ஷீல்டு வயரையே எடுங்கள். சிவப்பு, வெள்ளை, பின்னல் ஷீல்டு என்று வைத்துக்கொள்வோம். ஆர்சிஏ முனையில் சிவப்பு நுனிக்கு. வெள்ளையும் ஷீல்டும் சேர்ந்து வெளி உடம்புக்கு. கேனன் ஆண் முனையில் சிவப்பு 2-க்கு, வெள்ளை 3-க்கு, ஷீல்டு 1-க்கு. இப்போது கசிவுக் கரண்ட் ஷீல்டில் ஓடும். வெள்ளைக் கோரில் ஓடாது. ஷீல்டில் விழும் வோல்டேஜ் சிவப்பு, வெள்ளை இரண்டுக்கும் பொதுவாக வருவதால் மிக்சர் அதைக் கழித்துவிடும். லேப்டாப்பை மாற்றவில்லை, மிக்சரை மாற்றவில்லை. ஒரு கோர் அதிகம், அவ்வளவுதான். பல ஹம் கேஸ்கள் இதிலேயே முடியும்.

ஒட்டும்போது கவனிக்க: கேனன் முனையில் வெளி உறையை 20 மில்லிமீட்டர் உரியுங்கள், உள் கோர்களை 5 மில்லிமீட்டர். பின்னலைப் பிரித்து முறுக்கி, ஒரு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்ட பிறகு ஈயம் பூசுங்கள். ஸ்லீவ் போடாவிட்டால் பின்னலின் ஒரு முடி 3-ஆம் பின்னைத் தொட்டுக்கொண்டு, கேபிளை அசைக்கும்போது மட்டும் ஹம் வரும். அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போகும். 60/40 ஈயம், 350 டிகிரி அயர்ன், ஒரு பின்னுக்கு மூன்று வினாடிக்கு மேல் வேண்டாம், பிளாஸ்டிக் இளகிப் பின் சாயும். பின் எண்கள் கனெக்டரிலேயே பொடியாகப் பொறித்திருக்கும், கண்ணால் பார்த்து ஒட்டுங்கள். ஆணையும் பெண்ணையும் எதிரெதிரே வைத்து மனக்கணக்கில் போட்டால் 1-உம் 2-உம் இடம் மாறும். கேனனின் உலோக உறையை 1-ஆம் பின்னோடு இணைக்காதீர்கள். உறை மேடை இரும்பைத் தொட்டால் யாரும் நினைக்காத இடத்தில் இன்னொரு எர்த் உண்டாகும்.

முடித்ததும் மல்டிமீட்டரை பீப்பில் வையுங்கள். ஆர்சிஏ நுனி–2 பீப். உடம்பு–3 பீப். உடம்பு–1 பீப். நுனி–உடம்பு பீப் வரக்கூடாது. நான்கையும் கேபிளை வளைத்து ஆட்டிக்கொண்டே பாருங்கள்.

இந்தக் கேபிளிலும் ஹம் மிச்சமிருக்கிறது, இரண்டு பக்கச் சாதனமும் மூன்று பின் எர்த் உள்ளவை என்றால், கேனன் முனையில் 1-ஆம் பின்னிலிருந்து ஷீல்டை எடுத்துவிடலாம். ஆர்சிஏ முனையில் ஷீல்டு அப்படியே இருக்கட்டும். லூப் (இரண்டு எர்த்தும் ஷீல்டும் சேர்ந்து போட்ட வளையம்) அறுந்தது, மெயின் எர்த் பத்திரமாக இருக்கிறது. வெட்டிய கேபிளில் சிவப்பு டேப் சுற்றி '1 கட்' என்று எழுதி வையுங்கள். அது தவறி மைக்குக்குப் போனால் பேன்டம் (மைக் கேபிள் வழியாக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட்) வேலை செய்யாது; கண்டென்சர் மைக் பேசாது, எல்லோரும் மைக்கைக் குறை சொல்வார்கள். சார்ஜரே இல்லாத செல்போன், இரண்டு பின் அடாப்டரில் ஓடும் கீபோர்டு இவற்றுக்கு இந்த வெட்டு வேண்டாம். அவற்றின் கிரவுண்டுக்கு வேறு பிடிமானம் இல்லை. ஷீல்டையும் எடுத்துவிட்டால் இரைச்சல் கூடத்தான் செய்யும்.

தூரம் அதிகமென்றால் டிஐ பாக்ஸ்

மேலே சொன்ன கேபிள் 3, 4 மீட்டருக்குச் சரி. மேடைக்கும் மிக்சருக்கும் 20, 30 மீட்டர் இருந்தால் டிஐ பாக்ஸ் (அன்பேலன்ஸ்டு சிக்னலைப் பேலன்ஸ்டு ஆக்கும் சிறு பெட்டி) போடுங்கள். லேப்டாப்பிலிருந்து டிஐக்கு 1 மீட்டருக்குள் அன்பேலன்ஸ்டு கேபிள், டிஐயிலிருந்து மிக்சரின் மைக் இன்புட்டுக்கு எவ்வளவு தூரமானாலும் சாதாரண மைக் கேபிள். மிக்சர் பக்கத்தில் டிஐயை வைத்துக்கொண்டு மேடை வரை நீளமான பி-38 கேபிள் இழுப்பவர்கள் உண்டு. அது டிஐ வாங்கிய காசுக்கு அர்த்தமில்லாமல் ஆக்கும் வேலை.

டிரான்ஸ்பார்மர் உள்ள பாசிவ் டிஐயில் இரண்டு பக்கமும் காந்தப் புலம் வழியாகத்தான் இணைப்பு, கம்பித் தொடர்பு இல்லை. பொதுவாகச் சுற்று விகிதம் 12-க்கு 1 ஒட்டி இருக்கும், லேப்டாப்பின் 0.316 வோல்ட் உள்ளே போனால் 26 மில்லி வோல்ட் வெளியே வரும். மைக் இன்புட்டில் 30 டெசிபெல் அளவுக்கு கெயின் திருப்பினால் போதும். 'கிரவுண்ட் லிப்ட்' சுவிட்ச் ஷீல்டை மட்டும் அறுக்கிறது. மூன்று பின் சார்ஜரில் லேப்டாப் இருந்தால் லிப்ட் போடுங்கள். பேட்டரியிலோ இரண்டு பின்னிலோ இருந்தால் லிப்டை ஆஃபில் வையுங்கள். சந்தேகமென்றால் இரண்டு நிலையிலும் கேட்டுப் பார்த்து அமைதியானதில் விடுங்கள், இதில் வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

லேப்டாப், கீபோர்டுக்குப் பாசிவ் டிஐ போதும். வீணை, வயலினில் ஒட்டும் பீசோ பிக்கப்புக்கு அது ஒத்துவராது. பீசோவுக்கு 1 மெகா ஓமாவது இன்புட் இம்பீடன்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் மந்திர ஸ்தாயி மெலிந்து தகரம் தட்டுவதுபோல் வரும். அங்கே பேன்டமில் ஓடும் ஆக்டிவ் டிஐ.

ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பை டிஐ இல்லாமல் நேராக மைக் இன்புட்டில் மாட்டி, மிக்சரில் 48 வோல்ட் பேன்டம் ஆனில் இருந்தால், 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு கோருக்கு 7 மில்லி ஆம்பியர் வரை லேப்டாப்பின் அவுட்புட்டுக்குள் திரும்பிப் போகும். சின்ன மிக்சர்களில் எல்லாச் சேனலுக்கும் ஒரே பேன்டம் சுவிட்ச். கண்டென்சர் மைக்குக்காகப் போட்டது லேப்டாப்பையும் தொடும் என்பதை மறக்க வேண்டாம்.

பேலன்ஸ்டிலிருந்து அன்பேலன்ஸ்டுக்கு

மிக்சரின் கேனன் அவுட்டிலிருந்து பழைய பிஏ ஆம்ப்பின் ஆர்சிஏ அல்லது பி-38 இன்புட்டுக்குப் போக வேண்டுமென்றால், 3-ஆம் பின்னை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். விடை மிக்சரின் அவுட்புட் வகையைப் பொறுத்தது.

டிரான்ஸ்பார்மர் அவுட்புட் என்றால் 3-ஐ 1-ஓடு சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் சர்க்கியூட் முழுமையடையாது, சத்தம் மெலிந்து கீச்சென்று வரும். இன்று சாதாரணமாக வரும் மிக்சர்களில் ஒரு பின்னுக்கு ஒரு ஆப்-ஆம்ப் (சிறு ஆம்ப்ளிபயர் சிப்) இருக்கும். அங்கே 3-ஐ ஷார்ட் செய்தால் அந்த ஆப்-ஆம்ப் சுமை தாங்காமல் சூடாகும், பீக்கில் சத்தம் கிழியும், நாளடைவில் போயும் விடலாம். 3-ஐச் சும்மா விட்டுவிடுங்கள்; சத்தம் 6 டெசிபெல் குறையும், பேடரில் ஏற்றிக்கொள்ளலாம். சர்வோ பேலன்ஸ்டு அல்லது கிராஸ் கப்பிள்டு என்று மேனுவலில் போட்டிருந்தால் 3-ஐ கிரவுண்ட் செய்யலாம், ஆனால் மிக்சர் முனையிலேயே செய்ய வேண்டும். கேபிளின் தூர முனையில் செய்தால் சில சர்க்கியூட்கள் ஆசிலேட் ஆகும், அதாவது தானாகவே அலை எழுப்பும். இம்பீடன்ஸ் பேலன்ஸ்டில் எப்படி விட்டாலும் ஒன்றுதான்.

மேனுவல் இல்லை என்றால் முதலில் 3-ஐ விட்டுவிட்டு மாட்டுங்கள். சத்தம் நிறைவாக இருந்தால் அதோடு நிறுத்துங்கள். பாஸ் இல்லாமல் மெலிந்து வந்தால் மட்டும் சேருங்கள்.

இந்தத் திசையில் இன்னொரு உண்மை: இன்புட் அன்பேலன்ஸ்டு என்பதால் இரைச்சலைக் கழிக்க அங்கே ஆளில்லை. மிக்சரும் ஆம்ப்பும் ஒரே பிளக் போர்டில், 2 மீட்டர் கேபிளில் இருந்தால் தப்பிக்கலாம். தூரம் கூடினால் டிரான்ஸ்பார்மர்தான் வழி. 10 கிலோ ஓம்–10 கிலோ ஓம், 1-க்கு 1 லைன் டிரான்ஸ்பார்மரை ஆம்ப் பக்கத்தில் வையுங்கள், மிக்சரிலிருந்து அதுவரை பேலன்ஸ்டாகவே வரட்டும். அதிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு அடி, இரண்டு அடி கேபிள். கார் ஸ்டீரியோ கடைகளில் விற்கும் குட்டி 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' ஹம்மை நிறுத்தும். அதோடு செண்டையின் அடிநாதத்தையும் தவிலின் தொப்பியையும் சேர்த்து நிறுத்திவிடும், அதற்குள் இருக்கும் இரும்புக் கரு அவ்வளவு சின்னது. அறிவிப்புக்கு மட்டுமென்றால் போடலாம், கச்சேரிக்கு வேண்டாம். எந்த டிரான்ஸ்பார்மரையும் பவர் ஆம்ப்பின் மேல் வைக்காதீர்கள். ஆம்ப்பின் பெரிய டிரான்ஸ்பார்மர் கக்கும் 50 ஹெர்ட்ஸ் புலத்தை அது நேராகக் குடிக்கும். அரை மீட்டர் தள்ளி வைத்து, கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள்; ஏதோ ஒரு கோணத்தில் ஹம் அடங்கும், அங்கே கட்டிப்போடுங்கள்.

அளவையும் பார்க்க வேண்டும். புரொபஷனல் லைன் +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட். வீட்டுச் சாதன லைன் -10 டிபிவி, 0.316 வோல்ட். வித்தியாசம் ஏறக்குறைய 12 டெசிபெல். பெரியதிலிருந்து சின்னதுக்குப் போகும்போது சத்தம் கிழிந்தால், வரிசையில் ஒரு 10 கிலோ ஓம், பிறகு ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே ஒரு 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஆம்ப் பக்க ஜாக்குக்குள்ளேயே ஒட்டலாம்; 12 டெசிபெல் இறங்கும். மிக்சர் பேடரை அடியில் வைத்து ஓட்டுவதைவிட இது நல்லது. பேடர் அடியில் இருந்தால் மிக்சரின் சொந்த இரைச்சல் மட்டும் குறையாமல் நிற்கும்.

பாட்டில் பாடகர் மட்டும் காணாமல் போவது

செல்போனின் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக்கும் டிஆர்எஸ் பேலன்ஸ்டு ஜாக்கும் உருவத்தில் ஒன்றுதான், மூன்று உலோகப் பகுதி. போன் ஜாக்கில் நுனி இடது, வளையம் வலது. அதை அப்படியே டிஆர்எஸ் ஆக்கி ஒரே பேலன்ஸ்டு சேனலில் மாட்டினால், மிக்சர் இடதிலிருந்து வலதைக் கழிக்கும். சினிமாப் பாட்டில் குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் குரல் கழிந்து போகும். வயலினும் எக்கோவும் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கும். பக்திப் பாட்டு கரோக்கி ஆகிவிட்டதே என்று போனை மாற்றிப் பார்ப்பார்கள், போன் குற்றமல்ல.

சரியான முறை, இரண்டு சேனலுக்குத் தனித்தனியாகக் கொண்டுபோவது. ஒரு சேனல்தான் காலி என்றால் இடதையும் வலதையும் நேரடியாக ஒட்டாதீர்கள், இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். இடதில் ஒரு 1 கிலோ ஓம், வலதில் ஒரு 1 கிலோ ஓம் வைத்து, அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து கேனனின் 2-க்கு. போனின் கிரவுண்ட் 3-க்கும், ஷீல்டு வழியாக 1-க்கும். இந்த இரண்டு ரெசிஸ்டரும் கேனனுக்குள்ளேயே அடங்கும். இப்படி ஒன்றைக் கட்டிப் பெட்டியில் போட்டு வைத்தால் வருஷம் முழுக்க உபயோகம்.

கரண்ட் எடுக்கும் இடம்

மிக்சர், ஆம்ப், மேடைக் கருவிகள், லேப்டாப், புரொஜெக்டர் எல்லாம் ஒரே டிஸ்டிரிபியூஷன் போர்டிலிருந்து, ஒரே பேஸிலிருந்து வரட்டும். மேடைக்கு ஈபி, பாக்ஸுக்கு ஜெனரேட்டர் என்று பிரித்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே சில வோல்ட் நிற்கும். அந்த வோல்டேஜ் முழுக்க ஆடியோ ஷீல்டின் மேல் வந்து விழும். சீரியல் செட், டிம்மர், பந்தல் எல்இடி இவற்றுக்கு வேறு லைன் கொடுங்கள். 30 மீட்டர் தள்ளியுள்ள பவர்டு பாக்ஸுக்கும் பக்கத்துக் கட்டடத்தில் பிளக் தேடாமல் இங்கிருந்தே 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் வயர் இழுங்கள். முடியவே முடியாது என்றால் மட்டும் பாக்ஸ் முனையில் 1-ஆம் பின்னை வெட்டிய கேபிள், அல்லது லைன் டிரான்ஸ்பார்மர்.

வேலை தொடங்குமுன் பிளக் பாயிண்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பேஸ்–நியூட்ரல் 230 ஒட்டி, பேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்–எர்த் ஒன்றிரண்டு வோல்ட். பேஸ்–எர்த் மிகவும் குறைந்தோ ஆடிக்கொண்டோ இருந்தால் அந்தப் பாயிண்டில் எர்த் இல்லை. சாதனங்களை ஆன் செய்து, ஆடியோ கேபிள் எதுவும் மாட்டாமல், மிக்சர் பாடிக்கும் ஆம்ப் பாடிக்கும் இடையே அளந்து பாருங்கள்: 1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 90, 100 வோல்ட் காட்டினால் இரண்டில் ஒன்றுக்கு எர்த் போய்ச் சேரவில்லை, கசிவுக் கரண்டில் மிதக்கிறது. 230-ஐ நெருங்கினால் எதையும் தொடாமல் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரல்–எர்த் இணைப்பும் அவர் வேலைதான், சவுண்டுக்காரர் கை வைக்க வேண்டாம். மேடை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இடத்தில் மழைக் காலத்தில் மைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

கேபிள் ஓடும் பாதை: மைக் கேபிளும் மெயின் வயரும் பக்கம் பக்கமாக ஓடினால் ஒரு அடியாவது இடைவெளி. குறுக்கே கடக்க வேண்டுமென்றால் செங்குத்தாக. தெரு முழுக்கக் கட்டிய ஹார்ன்களுக்குப் போகும் 100 வோல்ட் லைனை மைக் கேபிளோடு சேர்த்துக் கட்டவே கூடாது. அதில் ஓடுவது ஹம் இல்லை, அதே நிகழ்ச்சிதான். திரும்ப உள்ளே நுழைந்து ஊளையிடும்.

ஹம் எங்கிருந்து என்று பிடிப்பது

முதலில் காதால் கேளுங்கள். மழுங்கலான, வழவழப்பான 'ம்ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலம்; ஏதோ கேபிளோ டிரான்ஸ்பார்மரோ ஆம்ப்புக்கு மிக அருகில் இருக்கிறது. முள் முள்ளாக 'ஜ்ர்ர்' என்றால் கசிவுக் கரண்ட், லூப், டிம்மர் அல்லது ஷீல்டு அறுந்த கேபிள். கையால் ஜாக்கைத் தொட்டதும் குறைந்தால் ஷீல்டு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பாடியில் வோல்டேஜ் இல்லை என்று அளந்த பிறகு தொடுங்கள். லேப்டாப் மவுசை நகர்த்தும்போது 'கீ கீ' என்று கேட்பது சார்ஜரும் யுஎஸ்பி கிரவுண்டும் சேர்ந்து செய்யும் வேலை. 'டிக்டிக்டிக்' என்று தாளம் போட்டால் பக்கத்தில் செல்போன், தள்ளி வையுங்கள்.

பிறகு பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஆம்ப் வால்யூமை முழுக்கக் குறைத்தும் ஹம் இருந்தால் ஆம்ப்பே காரணம். குறைத்தால் நிற்கிறது என்றால், ஆம்ப் இன்புட் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால் மிக்சர் பக்கம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் வால்யூம் கீழே, பேன்டம் ஆஃப். இல்லாவிட்டால் 'டப்' என்ற ஒரு அடியில் ஹார்ன் டிரைவர் காயில் போய்விடும். மிக்சரில் எல்லாப் பேடரையும் இறக்கிவிட்டு மாஸ்டரை மட்டும் ஏற்றுங்கள். ஹம் இருந்தால் மிக்சருக்கும் ஆம்ப்புக்கும் இடையே. இல்லையென்றால் சேனல் சேனலாக ஏற்றிக் குற்றவாளியைப் பிடியுங்கள்.

அந்தச் சேனலில் லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் சார்ஜர் எர்த் வழியாக லூப். டிஐ லிப்ட் போதும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சார்ஜரைக் கழற்றியும் ஹம் நிற்கவில்லை, அதனால் லூப் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் எச்டிஎம்ஐ கேபிள் புரொஜெக்டருக்குப் போய்க்கொண்டிருக்கும், அதன் ஷீல்டு புரொஜெக்டரின் எர்த்தைப் பிடித்திருக்கும். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் பேட்டரிச் சோதனை செல்லும். கேபிள் டிவி செட் டாப் பாக்ஸும் இதே மாதிரி. ஊர் முழுக்க ஓடும் கோஆக்ஸ் ஷீல்டின் எர்த்தை வீட்டுக்குள் கொண்டுவரும்.

எல்லாம் பேலன்ஸ்டு, கேபிள் நன்றாக இருக்கிறது, எர்த் சரி, அப்படியும் ஒரு குறிப்பிட்ட மிக்சரோ ஆம்ப்போ மட்டும் எங்கே போனாலும் ஹம் அடித்தால், அதன் உள்ளே 1-ஆம் பின் பாடிக்குப் போகாமல் நேராகச் சர்க்கியூட் போர்டு கிரவுண்டுக்குப் போயிருக்கலாம். ஆடியோ பொறியாளர் நீல் மன்சி 1990-களில் இதற்கு 'பின் 1 பிராப்ளம்' என்று பெயர் வைத்து விளக்கினார். ஷீல்டு, சாதனத்தின் வாசலிலேயே பாடியில் இணைய வேண்டும் என்று 2005-இல் வந்த, ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஏஇஎஸ்48 தரம் சொல்கிறது. சோதிக்க, 12 வோல்ட் ஏசி டிரான்ஸ்பார்மரின் செகண்டரியோடு வரிசையில் 150 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். 80 மில்லி ஆம்பியர் வரும். ஒரு முனையைக் கேனனின் 1-ஆம் பின்னிலும் மறுமுனையைப் பாடி ஸ்குருவிலும் தொட்டுக்கொண்டு ஹெட்போனில் கேளுங்கள். ஹம் ஏறினால் அந்தச் சாதனத்தின் உள் வயரிங் குறை. பின் 1-இலிருந்து ஒரு சிறு தடித்த வயரைப் பக்கத்துப் பாடி ஸ்குருவுக்குக் கொண்டுபோய் ஒட்டினால் தீரும், சுத்தமான உலோகத்தில், பெயின்ட் சுரண்டி.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஜாக்கின் மேல் உப்புக் காற்று ஒரு பழுப்புப் படலம் போட்டுவிடும். வெளியே பார்த்தால் கேபிள் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஷீல்டு தொடர்பு ஓரிரு ஓம் ஏறியிருக்கும், அன்பேலன்ஸ்டு லைனில் அதுவே ஹம். திருவிழா சீசனுக்கு முன்னால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஜாக்கைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கி, துணியால் துடையுங்கள். ஈயம் வைத்த இடம் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. வெட்டி எறிந்து, இரண்டு அங்குலம் தள்ளிப் புதிதாக ஒட்டுங்கள்.